நாலாம் நம்பர், வலது கை, இரண்டு விரல்

தகடு வெட்டும் பிரஸ் இறங்கும்போதெல்லாம் ஆபீஸ் அறையில் அவள் பதிவு போடும் கம்ப்யூட்டரின் திரை அதிர்ந்தது. நாலாம் நம்பர் பிரஸ்ஸில் நிற்பவன் அவளுடைய தம்பி. விபத்துப் பட்டியலில் ஒரே மெஷினின் வரிகளைத் தேடிப் பிடித்துக் கூட்டும் ஃபார்முலாவை அவள் தட்டினாள். நாலாம் நம்பருக்கு நேரே எட்டு என்று வந்தது. எட்டு விரல்.

ஐந்தைத் தாண்டினாலே மெஷினை நிறுத்தித் தடுப்பு போட வேண்டும் என்பது ஃபாக்டரி இன்ஸ்பெக்டரின் உத்தரவு. அதற்காகத்தான் சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

மேனேஜர் குனிந்து பார்த்தார். "ஒரே வரிய நாலு தடவ அடிச்சு வச்சிருக்க? நாலாம் நம்பர், வலது கை, ரெண்டு விரல். எல்லாம் அச்சு அசல் ஒண்ணு."

"நாலு ஆளு சார். தகடு தள்ளுற விரல்தான் எல்லாருக்கும் போவுது. பேரும் தேதியும் போட வேணாம்னு நீங்கதான சொன்னீங்க?"

"வாய மூடு." மவுஸைப் பிடுங்கி, நகல் வரிகளை நீக்கும் பொத்தானை அமுக்கினார். மூன்று வரிகள் போயின. எட்டு இருந்த இடத்தில் இரண்டு. முழுப் பூசணிக்காயை மறைக்கக் கொஞ்சம் சோறாவது வேண்டும். இந்தப் படுபாவிக்கு ஒரு விரல் போதுமாக இருந்தது.

அவள் ஷெட்டுக்கு ஓடினாள். "டேய், வெளிய வாடா!"

தம்பி திரும்பினான். சூப்பர்வைசர் அவன் காதோடு சேர்த்து ஓங்கி அறைந்தான். "ஒங்கக்கா சொன்னா மெஷின் நிக்குமா? தள்ளுடா தகட்ட!"

காது அடைத்துப்போனவன் தகட்டைத் தள்ளினான்; பிரஸ் இறங்குவது கேட்கவில்லை. ரத்தம் சூப்பர்வைசரின் சட்டையில் பீய்ச்சியடித்தது. தம்பி வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, "அக்கா, அக்கா" என்று அலறினான். அவள் கீழே கிடந்த வெட்டுத் தகட்டை எடுத்துச் சூப்பர்வைசரின் முகத்தில் வீசினாள். அவனுடைய நெற்றி கிழிந்தது. அவளுக்கு அது போதவில்லை; இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

மேனேஜர் அவளை நாற்காலியில் தள்ளினார். "போலீஸக் கூப்பிடவா, இல்ல பேரு தேதி இல்லாம பழையபடி பதிவு போடுறியா? போட்டாத்தான் ஒந்தம்பிய ஏத்திக்கிட்டு வண்டி கெளம்பும்."

பிசுபிசுத்த விரல்களால் அடித்தாள். நாலாம் நம்பர். வலது கை. இரண்டு விரல்.

அவர் அவள் தோளுக்கு மேலே கையை நீட்டிப் பொத்தானை அமுக்கினார். 'ஒரு நகல் வரி நீக்கப்பட்டது' என்றது திரை. மொத்தம் இரண்டிலேயே நின்றது.

வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அது அடங்குவதற்குள் திரை மறுபடி அதிரத் தொடங்கியது.