ஹரிணியின் இரண்டாவது ஊசி

மாமனாரின் பாடை தெருமுனை திரும்பியதும் பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். மோகனா மட்டும் குளிக்காமலேயே தூளிப் பக்கம் ஓடினாள்.

"சாவுத் தீட்டோட கொழந்தைய தொடாதடி" என்றாள் தனகோடி. இறந்தவரின் தங்கை.

மோகனா தொடவில்லை, எட்டிப் பார்த்தாள். அவளுடைய மூன்று மாத மகள் ஹரிணி வாயைத் திறந்தபடி தூங்கினாள். மூச்சு சீராகத்தான் இருந்தது. பாழாய்ப்போன மனசு கேட்டால்தானே. மாமனார் நந்தகோபாலை நிமோனியா கொண்டுபோயிருந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்வரை இதே கூடத்தில்தான் இருமிக்கொண்டு கிடந்தார். பேத்தியைப் பார்க்க ஆசை வந்தால் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, "தூர நின்னு காட்டும்மா" என்பார். நல்ல மனுஷன்.

வேலூருக்கும் குடியாத்தத்துக்குமாக பஸ் ஏறி இறங்கியதில் நிமோனியாவுக்கும் சேர்த்துப் போடும் குழந்தையின் இரண்டாவது தடுப்பூசி தவறிப்போனது. "நடுவுல உட்டா மொத ஊசியும் வேஸ்ட்டு, திரும்ப மொதல்லேர்ந்து போடணும்" என்று தனகோடி சொன்னதிலிருந்து மோகனாவுக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது காரியம் முடியும்வரை குழந்தையை வெளியே எடுத்துப்போகவும் கூடாதாம்.

அவள் குளித்துவிட்டு வந்தபோது, துக்கம் கேட்க வந்த நர்ஸ் எழிலரசி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பார்த்ததும் மோகனாவுக்கு அழுகை முட்டியது. மாமனாருக்காக என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"சிஸ்டர், மொத ஊசி வீணாப் போச்சா?"

"இன்னா பேச்சு இது? போட்டது போட்டதுதான். கொழந்த ஒடம்பு அத மறக்காது. உட்ட எடத்துலேர்ந்து போட்டா போதும். தறியில இழ அறுந்தா முடிச்சு போட்டு ஓட்டுவீங்களா, லுங்கியப் பிரிச்சுட்டு மறுபடி நெய்வீங்களா?"

பெருக்கிக்கொண்டிருந்த தனகோடி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆனா ஒரு ஊசில வர்ற தெம்பு பத்தாது. இனிமே தள்ளாத" என்றாள் எழிலரசி.

வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது மோகனாவுக்கு. சாவு வீட்டில் இப்படிச் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

எழிலரசி எழுந்தாள். துக்க வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. அவளும் பேசாமல் செருப்பை மாட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்பினாள்.

"நீ கொழந்தைய எடுத்துனு வெளிய வர வேணாம். புதன்கிழம நானே வர்றேன்."

விளக்குமாற்றுச் சத்தம் நின்றது. சாவு வீட்டு வாசலில் 'வர்றேன்' என்று சொன்னால் இன்னொரு சாவும் கூடவே வரும் என்பார்கள். எழிலரசி நாக்கைக் கடித்துக்கொண்டாள். மோகனா பயந்துபோய் தனகோடியைப் பார்த்தாள்.

தனகோடி தூளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"வாம்மா" என்றாள். "காலையிலயே வந்துடு."