ஆறு மணிக்குப் பிறகு வந்த பேருந்து

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது சர்க்கரை வியாதியால். அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் மரியாதை.

கேரளத்துத் தொடுபுழையில் நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டபின் ஒரு தடவை என்று ஊசி குத்திக்கொள்ளப் போகிறவன் நடுவில் கிடைக்கும் நேரத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? நான் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்மிஜாவை வேடிக்கை பார்ப்பேன். ரத்தம் எடுப்பவள் அவள்தான். டீ வேளையில் கைபேசியை எடுத்து மும்முரமாக எதையோ தட்டுவாள், தானாகச் சிரிப்பாள். காதல் விவகாரம் என்று முடிவு கட்டினேன். (முப்பத்தைந்து வயதுப் பெண் கைபேசியைப் பார்த்துச் சிரித்தால் ஆண் எழுத்தாளனுக்கு வேறெதுவும் தோன்றித் தொலைப்பதில்லை.) ஒருநாள் எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு பேருந்து. மஞ்சளும் கருநீலமுமாக, பக்கவாட்டில் ஒரு வேழாம்பல் பறவை, நம்மூர் இருவாச்சி, சிறகை விரித்தபடி.

"என்ன அண்ணாச்சி, கழுத்து சுளுக்கிக்கப் போவுது. பாக்கறதுன்னா நல்லாப் பாருங்க," என்று கைபேசியையே என் கையில் கொடுத்துவிட்டாள்.

இங்கே தமிழன் எந்த ஜில்லாக்காரனாக இருந்தாலும் அண்ணாச்சிதான். இருபது வருஷமாகப் பழகிவிட்டது.

2.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'மலையாளிக்கு மூன்று காதல்கள் உண்டு. ஒன்று பந்து, இரண்டு யானை, மூன்றாவது' —

அடித்துவிட்டேன். ஊர்க்காரர்கள் உதைப்பார்கள்.

பிறகு இப்படி: 'அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை கடிகாரத்தைப் பார்த்தபோது ஸ்மிஜாவின் கண்களில்' —

கண்களில் என்ன? ஒன்றுமில்லை. தூக்கக் கலக்கம் இருந்திருக்கும். இதையும் விட்டேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். 'டபுள் பெல்' (கண்டக்டர் இரண்டு மணி அடித்தால் வண்டி கிளம்பும்) என்று பேருந்துப் பைத்தியங்களின் குழு ஒன்று இருக்கிறது. கைபேசியிலேயே பிறந்து கைபேசியிலேயே வாழும் குழு. பாதிப் பேர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. சுற்றுலாப் பேருந்துகளுக்கெல்லாம் வெள்ளை அடிக்க வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு போட்ட பிறகு, ரோட்டில் போன வண்ணங்கள் திரைக்கு வந்துவிட்டன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போட்டி. வெள்ளைப் பேருந்தின் வரைகோட்டுப் படம் ஒன்றை எல்லோருக்கும் கொடுப்பார்கள். அவரவர் இஷ்டம்போல வர்ணம் தீட்டி அனுப்ப வேண்டும். பரிசு? ஒரு மணியின் படம். அவ்வளவுதான்.

விதிகள் சில உண்டு. வந்த ஒவ்வொரு பேருந்துக்கும் நடத்துகிறவர் நாலு வரியாவது கருத்து எழுத வேண்டும். எமர்ஜென்சி ஜன்னலை ஓவியத்தால் மூடியிருந்தால் முதல் பரிசு கிடையாது. ஜெயித்தவர்தான் அடுத்த போட்டியை நடத்த வேண்டும். மாட்டேன் என்றால் ஒரு வருஷம் கலந்துகொள்ள முடியாது.

கேட்க அழகான விதி. நடைமுறையில் என்ன ஆயிற்று தெரியுமா? நடத்துவதற்குப் பயந்துபோய், நன்றாக வரையத் தெரிந்தவர்கள் எல்லோரும் இரண்டாம் பரிசுக்குக் குறிவைக்க ஆரம்பித்தார்கள். உலகத்தில் வேறெங்காவது இப்படி ஒரு போட்டி நடக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

பயத்துக்குக் காரணம் ஜிதின்லால். வடகரைப் பையன். அவன் நடத்திய சுற்றில், கடைசி நாளில் ஐம்பதுக்கு மேல் பேருந்துகள் மொத்தமாக வந்து குவிந்தன. எல்லாம் வரட்டும், பிறகு எழுதலாம் என்று வைத்திருந்தான் பாவம். ஒரு வாரம் நீட்டித்தான், இன்னொரு வாரம் நீட்டித்தான். "ரிசல்ட் எப்போடா, ஓணத்துக்கா?" என்று குழுவில் கிண்டல். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிவிட்டான். அந்தக் குவியலை எடுத்துக்கொண்டவள் ஸ்மிஜா. எந்தச் சுற்றிலும் ஜெயிக்காதவள். ஜெயித்தவர்கள் வரிசையாக "வேண்டாம்" என்று ஒதுங்க, இது அவள் நடத்தும் நாலாவது போட்டி. கடைசியும்கூட. செவ்வாய்க்கிழமை அவள் அயர்லாந்துக்கு விமானம் ஏறுகிறாள், அங்கே ஆஸ்பத்திரி வேலை. அதற்குள் அடுத்த ஆள் கிடைக்காவிட்டால் போட்டி நின்றுபோகும்.

3.

இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

கெடு என்று ஒன்றை வைத்தால் ஜனங்கள் அதன் கடைசி மணி நேரத்தில்தான் வந்து விழுவார்கள். நானே அந்த ஜாதி. (இந்தக் கதையைக் கேட்ட பத்திரிகை ஆசிரியர் இரண்டு தடவை தேதி தள்ளிக் கொடுத்தார். இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை.) ஸ்மிஜா யாரையும் திட்டவில்லை. வேறொன்று செய்தாள். புதன்கிழமைக்குள் அனுப்புகிறவர்களுக்கு உடனே கருத்து சொல்வேன், அதைப் பார்த்து ஒருமுறை திருத்தி ஞாயிறு மாலை ஆறுக்குள் மறுபடி அனுப்பலாம், மறுபடி அனுப்பினால் பழையது ரத்து என்று அறிவித்தாள். அடடா, என்ன மூளை! தாமதிப்பவனுக்குத் தண்டனை இல்லை, முந்துபவனுக்கு லாபம். முக்கால்வாசிப் பேர் புதனுக்குள் அனுப்பிவிட்டார்கள். மலை குன்றாகிவிட்டது.

வந்ததை வந்த அன்றே எழுதுவாள். காலையில் மூலமற்றத்திலிருந்து வேலைக்கு வரும் பேருந்தில், ஜன்னலோர இருக்கையில், பேருந்துகளைப் பற்றி எழுதிக்கொண்டே வருவாள். வேலை நேரத்தில் தொடமாட்டாள். நல்லாயிருக்கு, சூப்பர் என்று எழுதித் தப்பிக்கவும் மாட்டாள். 'சக்கரத்துக்கு மேலே வரும் வளைவில் மீனின் வால் உடைந்து தெரிகிறது, நாலு விரல் முன்னால் நகர்த்திப் பாருங்கள்' என்று எழுதுவாள். நான் படித்த புத்தக மதிப்புரைகளில் இந்த அக்கறையைப் பார்த்ததில்லை.

ரொம்பப் புகழ்கிறேனோ? கதாபாத்திரத்துக்கு ஒரு குறையாவது வேண்டுமே என்று, கூடத்தில் ரசீது போடும் லைலா இத்தாவிடம் விசாரித்தேன். (இங்கே இத்தா, சேச்சி எல்லாம் அக்காதான். மோளே என்றால் மகளே.)

"குறையா? புடிச்சா புடிச்சதுதான் அவ. சொந்த மாமா வந்து, ரிசல்ட் கொஞ்சம் முன்னாடி தா மோளேன்னு கெஞ்சினாரு. நாலு மணின்னா நாலு மணின்னுட்டா. மனுஷன் ரெண்டு டீ குடிச்சுட்டு வந்து வாங்கிட்டுப் போனாரு."

எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. என்ன செய்ய.

4.

அன்ஷாத்தை நான் முதலில் நம்பவில்லை.

பெரும்பாவூரில் பேக்கரி வைத்திருப்பவன். கேக்கின் மேல் பூப்போட்டுப் பழகிய கை. வேழாம்பல் பேருந்து அவனுடையதுதான். குழுவில் அவனுக்கு 'ரெண்டாம் பரிசு அன்ஷாத்' என்றே பெயர். ஒவ்வொரு சுற்றிலும் மயக்குகிற மாதிரி வரைந்துவிட்டு, ஒரே ஒரு சொதப்பல் செய்வான். இந்த முறை புதன்கிழமையே அனுப்பியிருந்தான். வேழாம்பலின் சிறகு எமர்ஜென்சி ஜன்னலை முழுசாக மூடியிருந்தது.

ஸ்மிஜா பழைய படங்களை எடுத்து வைத்துப் பார்த்தாள். போன சுற்றிலும் ஜன்னல் இல்லை. அதற்கு முந்தையதில் கதவே இல்லை. ஹார்ன் சத்தத்தை வைத்தே வண்டியின் பெயர் சொல்கிறவன் கதவை மறப்பானா?

(இவ்வளவு துல்லியமாக ஒருவனால் இரண்டாவதாக வர முடியுமா? எனக்குச் சந்தேகம். ஸ்மிஜாவிடம் கேட்டேன். "அளவுகோல் இல்லாம கேக்கை எட்டு சமத் துண்டாப் போடறவன் அண்ணாச்சி அவன்," என்றாள். விட்டுவிட்டேன்.)

மறுநாள் டீ வேளையில் ஸ்பீக்கரில் போட்டு அவனைக் கூப்பிட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். லைலா இத்தாவும் ரசீது போடுவதை நிறுத்திவிட்டாள்.

"டேய் அன்ஷாத், சிறகு ஜன்னல மூடிருச்சு."

"அய்யோ சேச்சி, கவனிக்கல."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"போன்ல எப்படி சேச்சி மூஞ்சியப் பாக்கறது?"

"சிரிக்காத. மூணு தடவையும் கவனிக்கலையா நீ?"

அந்தப் பக்கம் பேக்கரியில் யாரோ பஃப்ஸ் கேட்பது கேட்டது.

"சேச்சி, ஜிதின்லாலப் பாத்தீங்கல்ல? எங்கிட்ட தினம் பேசுவான். எந்த ஸ்டாண்டுல நின்னாலும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புவான். இப்ப பஸ்ஸப் பத்திப் பேசினாலே போன வச்சிடறான். அவனக் கிண்டலடிச்சதுல நானும்தான் இருந்தேன். நடத்தப் போயி எனக்கும் பஸ்ஸு வெறுத்துப்போச்சுன்னா? எனக்கு வேற என்ன இருக்கு சொல்லுங்க. காலைல மைதா, ராத்திரி மைதா."

ஸ்மிஜாவுக்குக் கோபம் போய்விட்டது. "ஜன்னலத் தெறக்கறதும் மூடறதும் உன் இஷ்டம்டா. ஞாயித்துக்கிழம ஆறு மணி. எல்லாருக்கும் சொன்னதுதான் உனக்கும்," என்று மட்டும் சொன்னாள்.

5.

ஞாயிறு. கூடத்துக்கு விடுமுறை, ஆனால் அவளை வழியனுப்பும் சாக்கில் லைலா இத்தா மரவள்ளிக் கப்பையும் மீன்குழம்பும் கொண்டுவந்திருந்தாள். எனக்குக் கப்பை ஆகாது. தின்றேன்.

ஐந்தரை மணிக்கு வந்து சேர்ந்த பேருந்துக்கும் அந்த நிமிஷமே நாலு வரி எழுதி முடித்தாள். பாக்கி என்று ஒன்றுகூட இல்லை. அன்ஷாத்திடமிருந்து எதுவும் வரவில்லை. ஆறு அடித்தது. 'முடிந்தது' என்று குழுவில் போட்டாள்.

ஆறு ஒன்றுக்கு டெல்னா என்கிற பெண்ணின் பேருந்து வந்தது. நர்சிங் படிக்கிறவள், முதல் தடவையாகக் கலந்துகொள்கிறவள். 'சேச்சி, ஹாஸ்டல்ல கரண்ட் போயிடுச்சு, ப்ளீஸ்.' ஸ்மிஜா உதட்டைக் கடித்துக்கொண்டாள். 'அடுத்த சுற்றில் பார்ப்போம் மோளே' என்று எழுதி அனுப்பினாள்.

அனுப்பிய கையோடு, ஆறு இரண்டுக்கு, அன்ஷாத்தின் பேருந்து வந்தது.

வேழாம்பல் சிறகை மடக்கியிருந்தது. மடக்கிய சிறகின் கீழே எமர்ஜென்சி ஜன்னல், சிவப்புச் சட்டத்தோடு, பளிச்சென்று. முன்பு இருந்ததைவிட அழகு. பறவை இப்போதுதான் பேருந்தின் மேல் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"ரெண்டே நிமிஷம்தானேடீ," என்றாள் லைலா இத்தா. "எடுத்துக்கோ. அவன் ஜெயிப்பான், அவனே நடத்துவான், நீ நிம்மதியா ஏறிப் போ."

"டெல்னாவுக்கு ஒரே நிமிஷம் இத்தா."

6.

இங்கே நான் திணறினேன். மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் கடிகாரத்தை மாற்றினேன். அன்ஷாத்தின் பேருந்து ஐந்து ஐம்பத்தெட்டுக்கு வந்துவிடுகிறது, சுபம். ஸ்மிஜா அயர்லாந்திலிருந்து படித்துவிட்டுக் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, எம் பேரப் போட்டுட்டு இப்படிப் பொய் எழுதலாமா? முடிவ எப்படி வேணா வைங்க. ஆறு மணியத் தொடாதீங்க."

இரண்டாவதில் இருவரையும் சேர்த்துக்கொள்கிறாள். "அப்ப ஆறுக்குள்ள அனுப்பறதுக்காகக் கல்யாண வீட்டுலேருந்து பாதி சாப்பாட்டுல எழுந்து வந்தவன் முட்டாளா?" என்றாள். அப்படி ஒருவன் இருந்தானாம்.

மூன்றாவதில் இருவரையும் தள்ளிவிட்டுத் தலைநிமிர்ந்து விமானம் ஏறுகிறாள். அதை நானே கிழித்தேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

நடந்தது இதுதான். தாமதமாக வந்த இருவருக்கும் கருத்து எழுதினாள். எழுதவேண்டும் என்று விதியில்லை. மற்ற எல்லாவற்றையும்விட நீளமாக எழுதினாள். அன்ஷாத்துக்கு எழுதியதன் கடைசி வரிகளை அவள் அனுமதியோடு தருகிறேன்: 'நான் நடத்திய நாலு போட்டிகளிலும் பார்த்ததில் மிக நல்ல பேருந்து இதுதான். ஆறு மணிக்குப் பிறகு வந்ததால் இதற்கு இடமில்லை. இரண்டாம் இடமும் இல்லை. உனக்கு இதைப் படித்ததும் வருத்தமாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்.'

எட்டு மணிக்கு முடிவுகளைப் போட்டாள். ஜெயித்தவன் அடூர்க்காரன் சுபின். அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கிறான். 'சேச்சி, மன்னிக்கணும், ஒரு வருஷம் வெளியே இருந்துக்கறேன்' என்று எழுதிவிட்டான். அவள் எதிர்பார்த்ததுதான். 'செவ்வாயோடு நான் கிளம்புகிறேன். யாராவது எடுத்துக்கொண்டால் உண்டு' என்று ஒரே வரி போட்டுவிட்டுக் கைபேசியை மேஜையில் வைத்தாள்.

குழுவில் முந்நூறு பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பிறகு திரையின் மேலே வந்தது: அன்ஷாத் எழுதுகிறார். மறைந்தது. மறுபடி வந்தது. மறுபடி மறைந்தது.

"என்னடீ இவன், புராணம் எழுதறானா?" என்றாள் லைலா இத்தா. ஸ்மிஜா திரையைப் பார்க்கவில்லை. பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டாள்.

7.

அவன் என்ன எழுதினான் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.

சம்மதித்தான் என்றால் நீங்கள் கைதட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவீர்கள். மறுத்தான் என்றால் அவனைத் திட்டுவீர்கள். ஜிதின்லாலுக்கும் முதலில் கைதட்டினார்கள், பிறகு திட்டினார்கள். ஒரு கருத்தைக்கூட யாரும் வாங்கி எழுதிக் கொடுக்கவில்லை.

ஆகவே முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாவூர் பேக்கரியில், மாவு படிந்த விரலோடு, ஒருவன் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். 'சரி, நான் நடத்துகிறேன்' என்று அவனை எழுதவைக்க உங்கள் மனசு துடிக்கும். எனக்கும் துடித்தது. எழுதவைப்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்று சொல்லிவிடுங்கள்: அவனுக்கு வந்து குவியப்போகும் ஐம்பது பேருந்துகளில் எத்தனைக்கு நீங்கள் நாலு வரி எழுதித் தருவீர்கள்?