கிழக்கும் மேற்கும் கைகுலுக்கிய சிறுநீரகம்

மனிதகுலத்தின் மேலான கவனத்துக்கு: ஹாங்சௌ நகரத்து மருத்துவமனை ஒன்றின் ஆறாம் மாடியில், புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, கிழக்கும் மேற்கும் ஒரு சிறுநீரகத்தில் கைகுலுக்கிக்கொண்டன.

சிறுநீரகம் தோங் லானியுவுடையது. உடம்பின் காவல்படையே அதைப் பகையென்று எண்ணித் தாக்கியதில், நாளுக்கு நாலு கிராம் புரதம் சிறுநீரோடு போய்க்கொண்டிருந்தது. ஸ்டீராய்டு மாத்திரை டாக்டர் ஔயாங்கின் உபயம். மூலிகை வேர்க் கறுப்புக் கஷாயம் சீன வைத்தியர் கேயின் உபயம். மாத்திரையால் முகம் பூசணியாக உப்பியிருந்தது. வீடியோவில் மூன்று வயது மகள், "அப்பா, இந்த ஆன்ட்டி யாரு?" என்று கேட்டுவிட்டாள். புரதம் பாதியானால் மாத்திரையைக் குறைக்கலாம் என்றிருந்தார் ஔயாங். லானியுவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

திங்களன்று, ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரைச் சொட்டு விடாமல் கேனில் பிடிக்கச் சொன்னார்கள். மதியக் கஷாயம் உள்ளே போனதும் ஜன்னலில் பனி இறங்கியது. கட்டில் மெல்ல மிதந்தது. ஏரி காலடிவரை வந்து நின்றது. தாமரை இலைகளை விலக்கியபடி அவள் நடந்தாள். தண்ணீரில் அவளுடைய பழைய முகம் அவளோடு கூடவே வந்தது.

புதன் காலை முடிவு வந்தது: இரண்டு கிராம்.

"என் மருந்து வேலையைக் காட்டிடுச்சு," என்றார் ஔயாங்.

"உங்க மருந்து காட்டினது வீக்கம். குறைச்சது என் வேர்தாங்க," என்றார் கே.

"சரி, கூட்டு வெற்றின்னே எழுதுவோம். கட்டுரையில யார் பேரு முதல்ல?"

அதைத் தீர்க்க இருவரும் வராந்தாவுக்குப் போனார்கள்.

பக்கத்துக் கட்டில் மாவ் அக்கா கிசுகிசுத்தாள்: "ஏன்டி, திங்கக்கெழம மத்தியானம் கேன் இல்லாம கழிப்பறைக்குப் போனியே, மூணு தடவை! அது கணக்குலயே வரல. கண்ணு தெறந்திருந்துச்சு, ஆளு இல்ல."

"ஏரின்னு நெனச்சேன்க்கா."

"போகட்டும், வாயை மூடிட்டு இரு. மாத்திரையைக் குறைக்கட்டும்."

லானியு போர்வையை விலக்கினாள். "குறைச்சு, கிட்னி போயிடுச்சுன்னா? அப்புறம் என் முகத்தை எம் பொண்ணு ஃபோட்டோவுலதான் பாக்கணும்."

எழுந்து வராந்தாவுக்குப் போய் இருவரிடமும் சொல்லிவிட்டாள்.

"மயக்கம் உங்க கஷாயத்தால," என்றார் ஔயாங்.

"மறதி உங்க மாத்திரையால," என்றார் கே.

மறுபடி ஒரு நாள் சிறுநீரைப் பிடித்தார்கள். புரதம் துளியும் குறைந்திருக்கவில்லை.