குளிர்க்கூடத்துக் கையுறை

சித்திரை கழிந்து வைகாசி பிறந்த ஒரு விடியற்பொழுது. வடக்கே ஜூஜுவாடி மாநில எல்லையைக் கடந்து சரக்குந்துகள் அணியணியாய் ஊர்ந்துகொண்டிருக்க, ஓசூர்க் குன்றின் கோயில் மணியும் தொழிற்கூடங்களின் சங்கொலியும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஊரை எழுப்ப, தெற்கே கெலமங்கலத்துச் செம்மண் மேடுகளில் வெண்கூரை வேய்ந்த ரோசாக் குடில்கள் இளவெயிலில் மினுங்கத் தொடங்கின. நாடெங்கும் நா வறளும் கோடைதான். ஆயினும், நல்லறிவு வாய்ந்த வாசகரே, ஆண்டு முழுதும் மார்கழி குடியிருக்கும் இடமொன்று இப்பகுதியில் உண்டு. கொய்த மலர் வாடாதிருக்க அமைத்த குளிர்க்கூடமே அது. அங்கே பன்னிரண்டு பெண்கள் நீர் சொட்டும் ரோசாக்காம்புகளை நாள்முழுதும் கட்டுக்கட்டாய்க் கட்டி நிற்பார்கள்.

அவ்வரிசையின் தலைவி பொற்கொடி. பிறர் வயலில் களைபறித்தே காலங்கழித்த குடியில் பிறந்து, பதினொரு பேருக்கு வேலை சொல்லும் இடத்திற்கு உயர்ந்தவள் என்பதில் அவளுக்குப் பெருமிதம் உண்டு; அதை வெளிக்காட்டாமலிருக்கத்தான் தெரியாது. ஆனால் அவ்வாண்டு அவள் விரல்கள் சிவந்து வீங்கி, இரவெல்லாம் அரித்தன. கையைக் கதகதப்பாய் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் அவ்வேலையை விட வேண்டும் என்றார் மருத்துவர். வைகாசி முடிவதற்குள் வீக்கம் வடியாவிட்டால் வேறொருத்தியைத் தலைவியாக்குவதாக மேலாளர் சொல்லிவிட்டார். வேலை முடிந்து வந்ததும் பொற்கொடி கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வாள். சூடான தேநீர்க் குவளையை நெடுநேரம் பற்றியிருந்த பிறகே மகளைத் தொடுவாள். அந்தச் சில்லிப்பு மகள்மேல் படலாகாது என்பது அவள் எண்ணம்.

மகள் மேகலா பதினோராம் வகுப்பு முடித்திருந்தாள். கைப்பேசியில் கன்னடப் பெண்ணொருத்தி பின்னிக்காட்டும் காணொளியைப் பார்த்துப் பார்த்தே கம்பளி பின்னக் கற்றவள். தந்தைக்குக் குல்லாயும் தண்ணீர்ப் புட்டிக்கு உறையும் பின்னி முடித்திருந்தாள். அம்மாவுக்குக் கையுறை பின்னுவதே இக்கோடைக்கு அவள் வகுத்துக்கொண்ட வேலை. புழுக்கத்தில் வியர்வை வழிய, மடிநிறையக் கம்பளி நூலோடு அவள் அமர்ந்திருந்த கோலம் அண்டை வீட்டுச் சரசம்மாவுக்கு வேடிக்கையாயிற்று.

"ஏ பாப்பா, கத்திரி வெயில்ல கம்பளி பின்றியே, மண்டகிண்ட காஞ்சிபோச்சா உனக்கு?"

"எங்கம்மாவுக்கு இப்பத்தான் அக்கா குளிர்காலம்," என்றாள் மேகலா, தலை நிமிராமலே.

பத்து நாளில் செந்நிறக் கையுறை இரண்டும் முடிந்தன. அணிந்து சென்ற தாய் மாலையில் திரும்பி, "நல்லாத்தான் இருக்குது கண்ணு," என்றாள். மேகலா மகிழ்ச்சியில் துள்ளினாள். மறுநாள் தாயின் பையில் உணவுக்கலம் எடுக்கப் போனவள் கையில் அக்கையுறை அகப்பட்டது. ரோசாமுள் பட்ட இடமெல்லாம் பின்னற் கண்ணிகள் இழுபட்டுத் தொங்கின. கம்பளி நீர் குடித்துக் கனத்துக் கிடந்தது. முள்ளிலே கையாடுபவளுக்குக் கம்பளியைக் கொடுத்த தன் மடமையை எண்ணி அவள் வெட்கினாள். தன் மனம் நோகாதிருக்கத் தாய் சொன்ன பொய்யை எண்ணி அழுதாள்.

"அங்க குடுக்கற ரப்பர் கிளவுசுக்கு முள்ளு தாங்கும் கண்ணு. குளுருதான் தாங்காது," என்றாள் பொற்கொடி, பிடிபட்டவளாய்.

அப்படியாயின் அதற்குள்ளே அணியும் உள்ளுறையே வேண்டும். மேகலா பிரித்தாள், மீண்டும் பின்னினாள். தடித்த நூலும் ஓரத் தையலும் சேர, ரப்பர் மேலுறையின் விரல்களுக்குள் அது நுழையவே மறுத்தது. மெல்லிய நூலில், தையலே இல்லாமல், நான்கு ஊசிகளால் வட்டமாய்ப் பின்னும் முறையைக் காணொளி காட்டியது. அத்தனை மெல்லிய ஊசி ஓசூர்க் கடைகளில் கிடைக்கவில்லை. கடைசல் பட்டறையில் வேலை செய்யும் தந்தை கோவிந்தப்பன் மகளின் வாட்டத்தைக் கண்டார்.

"சைக்கிள் போக்ஸ் கம்பி ஆவுமா பாரு. ரெண்டு முனையும் தேய்ச்சித் தரேன்."

"கூரா வேணாம்ப்பா. நூலு கிழிஞ்சிரும். மொழுமொழுன்னு வேணும்."

"இஞ்சினுக்கே சாமான் கடையறவன்கிட்ட இத சொல்றியா நீ?" என்று சிரித்தவர், மறுநாள் பளபளக்கும் நான்கு ஊசிகளைக் கொண்டுவந்தார்.

எனினும் கலை எளிதில் வசப்படவில்லை. விரலும் விரலும் பிரியுமிடத்தில் ஓட்டை விழுந்துகொண்டேயிருந்தது. குளிர் புகுவதற்கு அதுவே போதும். ஐந்து முறை பிரித்து, ஆறாம் முறை விரலடியில் இரண்டு கண்ணிகளைக் கூடுதலாய் எடுத்துப் பின்னியபோது ஓட்டை மறைந்தது. வெள்ளைநிற உள்ளுறை, மேலுறைக்குள் அடங்கி, தாயின் கையில் பொருந்தியது. மேலாளர் குறித்த நாளுக்கு ஏழு நாளே எஞ்சியிருந்தன.

அந்த ஏழு நாளும் பொற்கொடி, "நல்லாத்தான் இருக்குது," என்றே சொன்னாள். மேகலா நம்பவில்லை, முன்பும் அதே சொல்லைத்தானே கேட்டிருந்தாள்! விரலைக் காட்டச் சொல்லவும் அஞ்சினாள். தாயோ பழக்கத்தால் கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

குறித்த நாள் வந்தது. அந்தி மயங்கும் வேளையில் பெண்களை ஏற்றிவந்த பேருந்து கெலமங்கலத்துத் தெருமுனையில் நின்றது. அங்கே காத்திருந்தாள் மேகலா. பொற்கொடி இறங்கினாள். முந்தானையை விலக்கி, வீக்கம் வடிந்திருந்த இரு கைகளையும் மகளின் கன்னங்களில் வைத்தாள். அவை வெதுவெதுப்பாய் இருந்தன.

"என் எடத்துல நானே இருக்கலாம்னு சொல்லிட்டாங்க கண்ணு. அந்தப் பதினோரு பேரும் இப்ப உன்னத்தான் கேக்கறாங்க. எல்லாருக்கும் வேணுமாம்!"

"இன்னும் பதினோரு ஜோடியா?" என்று வாய்பிளந்தவள், அக்கைகள் கன்னத்தை விட்டு அகலாதபடி தன் கைகளால் அழுத்திக்கொண்டாள். அன்பு மட்டும் குளிரைத் தடுப்பதில்லை, வாசகரே; எங்கே ஓட்டை விழுகிறதென்று பார்த்து, ஐந்து முறை பிரித்து ஆறாம் முறை பின்னுகிற அன்பே தடுக்கிறது. அன்று மாலை அவ்வீட்டில் தேநீர்க் குவளை பற்றுவாரின்றி ஆறியே போயிற்று.