நான்காவது கட்டம்

மாலை டைப்பிங் வகுப்புக்குப் போகும் நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன். அதனால்தான் முருகேஸ்வரி சித்தி அஞ்சலி ஃபிளெக்ஸ் அடிக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். "நீதான் எதையும் எழுதி வச்சுச் செய்வ" என்றார். எழுதி வைத்தேன். அதோடு சரி.

சித்தியின் கணவர் மேஜர் சௌந்தரபாண்டியன் கமாண்டோ அதிகாரியாக இருந்தவர். போரில் அவர் கூட்டிப்போனவர்களில் மூன்று பேர் மலையிலிருந்து திரும்பவில்லை. சந்தனம், சங்கையா, தேவ் பகதூர். போன வருடம் மாரடைப்பில் இறந்த மேஜர், முன்பே மனைவியிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தார். தனக்கு எப்போது அஞ்சலி செய்தாலும், அந்த மூவருக்குக் கீழேதான் தன் படம் இருக்க வேண்டும்.

நாளை முதலாண்டு நினைவு நாள். சங்கையாவின் அக்கா ராக்கம்மாள் பாலவனத்தத்திலிருந்து பத்து மணிக்கு வருவதாக இருந்தது.

"மூவர் மேலே" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக்கொண்டு அருப்புக்கோட்டை ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் பாண்டீஸ்வரன் நோட்டைப் பார்க்கவேயில்லை.

"பெரிய ஆளு மேல, மத்தவுக கீழ வரிசையா. காதுகுத்துல இருந்து கட்சி மாநாடு வரைக்கும் அப்படித்தாம்லே."

அவர் அனுபவசாலி, நானோ டைப்பிங்கில் இன்னும் லோயர் பரீட்சைகூட பாஸாகாதவன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"கீழ நாலு கட்டம் இருக்கு. மூணுதான்னா பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கும். ஒன் போட்டோவக் குடுலே. ஏற்பாடு பண்றவன் படம் போடாம எவன் ஃபிளெக்ஸ் அடிக்கிறான்?"

இரண்டு முறை மறுத்தேன். மூன்றாவது முறை அவர் கேட்பதற்குள், போலீஸ் தேர்வுக்காக முடியை ஒட்ட வெட்டி எடுத்த படத்தை அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை ஃபிளெக்ஸ் பஸ் ஸ்டாப்பில் நின்றது. உச்சியில் 'வீரவணக்கம்'. நடுவே ஆள் உயரத்தில் மேஜர். அவர் பூட்ஸுக்குக் கீழே மூன்று வீரர்களும் நானும். எட்டரைக்குள் அது வாட்ஸ்அப்பில் நரிக்குடி போய்ச் சேர்ந்தது. அங்கிருக்கும் யுவராணி அத்தை அழுதுகொண்டே என் நம்பருக்கே போன் செய்தார்.

"யாரு பேசுறது?"

"அழகுராஜா, அத்தே."

அழுகை கூடியது. "பிள்ள குரலு மாதிரியே இருக்கே!"

நான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க நான்கு நிமிடம் ஆனது.

ஒன்பது மணிக்கு வந்த சித்தி சிரிக்கவில்லை.

"இத்தன வருசமா அந்த மூணு பேரச் சொல்லிட்டுத்தான் அவுக மொத வாய்ச் சோறு திம்பாக. அவங்களக் கொண்டுபோய் அவுக காலுக்குக் கீழ போட்டுட்டியேடா. ராக்கம்மா வந்து பாத்தா நான் மூஞ்சிய எங்கிட்டுக் கொண்டு போய் வைக்க?"

கடை திறக்கப் பதினொன்று ஆகும். என் நோட்டில் இதற்கு வழி எழுதியிருக்கவில்லை. கத்தரிக்கோல் எடுத்து வந்து கீழ் வரிசையைப் பட்டையாக வெட்டினேன். முதலில் போனது என் தலை. ஏணி வைத்து ஏறி, மூவரை மேஜருக்கு மேலே கம்பில் கட்டினேன். கோணல்தான்.

பத்து மணிக்கு ராக்கம்மாள் பஸ்ஸிலிருந்து இறங்கி அண்ணாந்து பார்த்தார். "எந்தம்பி மேஜருக்கு மேலயா தாயி?"

"அவுக சொன்ன எடம்" என்றார் சித்தி.

அடுத்த பஸ்ஸில் அத்தை ரோஜா மாலையோடு வந்தார். "போன் போடுறதுக்கு முன்னாடியே வாங்கிட்டேன். பூக்கடக்காரன் திருப்பி எடுக்க மாட்டேங்கிறான்" என்று என் கழுத்தைப் பார்த்தார்.

சித்தி மாலையை வாங்கி என்னிடம் நீட்டினார். மறுபடி ஏணியில் ஏறி, அதை மூவர் படத்துக்குக் கட்டினேன். கீழே நின்ற சித்தி அந்த மூன்று பெயர்களைச் சொன்னார். கொஞ்சம் நிறுத்தி, நான்காவதாகக் கணவரின் பெயரைச் சொன்னார்.