எபூஸ் ஞானப்பிரகாசம்

காரைக்காலுக்குக் குடிவந்த நாளிலிருந்து அனெத்துக்கு எல்லாமே பிடித்துப் போயிருந்தது, வங்கி ஒன்றைத் தவிர.

அவள் பிறந்தது சைகோனில். வாழ்க்கைப்பட்டு வேலை பார்த்தது பிரான்சில், தூலோன் பட்டணத்து ஆஸ்பத்திரியில். அப்பா அம்மா காரைக்கால்காரர்கள் என்றாலும் இந்த ஊரில் அவள் முன்பு காலே வைத்ததில்லை. பென்ஷன் வாங்கியதும், மாதா கோயில் தெருவில் பூட்டிக் கிடந்த கணவர் வீட்டுப் பூர்வீக வீட்டைச் சரிசெய்ய எழுபத்தொன்பதாம் வருஷம் தனியாக வந்து இறங்கினாள். கணவர் ஓகுஸ்தேனுக்கு அங்கே இன்னும் சர்வீஸ் பாக்கி இருந்தது. முடிந்ததும் வருவார்.

கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட். ஆனால் பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் பெண்ணிடம் பேரம் பேசும்போது வாயில் வந்ததெல்லாம் அவளுடைய அம்மாவின் தமிழ். மத்தியானம் ஆற்றுக் காற்று கூடத்துக்குள் வந்து உலாத்தும். பாயைப் போட்டால் தூக்கம் சொக்கும். ஐம்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு சுகமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

பென்ஷன் வங்கிக்கு வரத் தொடங்கியதும்தான் வில்லங்கம் முளைத்தது. பிரெஞ்சுக்காரன் காகிதத்தில் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரை முதலில் போட்டு, இன்னார் மனைவி என்பதைப் பிறகு எழுதுவான். ‘சூசை அனெத், எபூஸ் ஞானப்பிரகாசம்’ என்று இருந்தது. கவுண்ட்டரில் இருந்த தெட்சிணாமூர்த்தி சேலத்துப் பக்கமிருந்து மாற்றலாகி வந்தவர். அதை இரண்டு ஆட்களாகப் பிரித்து, அந்தக் காகிதத்தை மட்டும் வைத்தே கூட்டுக் கணக்காகத் திறந்து வைத்துவிட்டார்.

“நீங்க சூசை அனெத். சரிங்க. எபூஸ் ஞானப்பிரகாசம் எங்கே? அவரும் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் பணம் எடுக்க முடியும்.”

“எபூஸ்னு ஆளு யாரும் இல்லீங்க. பிரெஞ்சுல எபூஸ்னா பொண்டாட்டி. ஞானப்பிரகாசம் பொண்டாட்டி. அது நான்தான்.”

“எங்க ரெக்கார்டுல ரெண்டு பேர் இருக்காங்கம்மா.”

“நீங்க எழுதினதுனாலதானே இருக்காங்க?”

“மேனேஜர் லீவுங்க. அடுத்த வாரம் வாங்க.”

அடுத்த வாரம் போனால், நீங்கள் வெளிநாட்டவர், மதராஸுக்கு எழுதிக் கேட்கவேண்டும் என்றார். அதற்கடுத்த வாரம், மதராஸிலிருந்து பதில் வரவில்லை. ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. ஓடு மாற்ற வந்த கொத்தனார் கூரையில் பாதியைப் பிரித்துப் போட்டுவிட்டு, முன்பணத்துக்காகக் காத்திருந்தார்.

தூலோனில் புதுப்பெண்ணாக இருந்தபோது, தபால் ஆபீஸ்காரி இவளைச் செவிடு என்று நினைத்தவள்போல ஒவ்வொரு வார்த்தையாக உரக்கக் கத்துவாள். அது அந்நிய ஊர், பொறுத்துக்கொண்டாள். சொந்த பாஷையில், “நீங்க வெளியாளு” என்று மரியாதையாகச் சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை. ஒருநாள் வங்கி பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் கண் கலங்கிவிட்டது.

“ஏன் மதாம், உங்களுக்கும் நாளைக்கு வரச் சொல்லிட்டாவளா?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

அவள் லோகாம்பாள். நெரவியில் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவள். அடகு வைத்த சங்கிலிக்குக் கடனைத் தீர்த்துவிட்டாள். ஆனால் பெட்டகத்துக்கு இரண்டு சாவியாம், ஒன்று மேனேஜரிடமாம். மகள் அல்லிக்கு வளைகாப்பு வருகிறது. சங்கிலி உள்ளே இருக்கிறது, சாவி லீவில் இருக்கிறது.

அனெத் எபூஸ் கதையைச் சொன்னாள். லோகாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “இல்லாத ஆள எங்கேருந்து கூட்டியாருவீங்க?” அனெத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அன்றிலிருந்து இருவரும் ஒன்றாகவே வந்து காத்திருந்தார்கள். லோகாம்பாள் வறுத்த வேர்க்கடலை கொண்டுவருவாள். தோல் தரையில் விழுவதைத் தெட்சிணாமூர்த்தி பார்த்தும் பார்க்காததுபோல இருப்பார்.

ஒருவழியாக மேனேஜர் வந்தார். காய்ச்சலில் கிடந்து எழுந்த மனிதர், கழுத்தில் மப்ளர். அனெத் சொன்னதைக் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார்.

“இதுக்காம்மா இத்தனை அலைச்சல்? எழுதினதைத் திருத்த மேலிடத்து உத்தரவு வேணும், அது எப்ப வருமோ. உங்க ஒரு பேர்ல புதுசா கணக்குத் திறந்து பணத்த அதுக்கு மாத்திடலாம். மதராஸ் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், அதுக்கு நானே பொறுப்பு. இங்கே கணக்கு உள்ளவங்க ஒருத்தர் உங்கள அறிமுகம் பண்ணிக் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்.”

அனெத் திகைத்தாள். கோயிலில் பார்த்துத் தலையசைக்கிறவர்கள் உண்டு. யார் வீட்டுக் கதவைப் போய்த் தட்டுவது?

“நான் போடறேங்க,” என்றாள் கதவோரம் நின்றிருந்த லோகாம்பாள்.

தெட்சிணாமூர்த்தி தலையைச் சொறிந்தார். “சார், அந்தம்மா கைநாட்டு.”

“கைநாட்டா இருந்தா என்னய்யா? நம்ம கஸ்டமர்தானே?” மேனேஜர் லோகாம்பாளிடம் திரும்பினார். “இவங்களை உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இது என்னங்க கேள்வி? ஒங்க பெஞ்சுலதான் தெரியும். நீங்க சீக்கிரமா வந்திருந்தா தெரிஞ்சே இருக்காது.”

மேனேஜர் இருமலும் சிரிப்புமாகப் படிவத்தை நகர்த்தினார். லோகாம்பாள் கட்டைவிரலை மையில் ஒற்றி அழுத்தி வைத்தாள். பணம் அனெத்தின் கைக்கு வந்தது. பெட்டகத்திலிருந்து சங்கிலியும் வெளியே வந்தது. தெட்சிணாமூர்த்தி எழுந்து, “மன்னிச்சிக்குங்கம்மா, எனக்குப் பிரெஞ்சு தெரியாதுங்க” என்றார். “எனக்கும் அந்த ஊருக்குப் போறப்ப தெரியாதுங்க” என்றாள் அனெத். அவர்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

வாசலுக்கு வந்ததும் லோகாம்பாள் அனெத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். “வெள்ளிக்கிழம வளைகாப்பு. நீங்க வரணும், அக்கா.”

வெள்ளிக்கிழமை நெரவியில் அல்லியின் கன்னத்தில் சந்தனம் பூசி, இரண்டு கைக்கும் வளையல் அடுக்கினாள் அனெத். வந்திருந்த பெண்கள், இவுங்க யாரு, எந்த வழியில சொந்தம் என்று கேட்டார்கள். லோகாம்பாள் ஒவ்வொருத்தியிடமும் எபூஸ் கதையை முதலிலிருந்து சொல்ல, கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. அனெத்துக்கும் ஒரு டஜன் பச்சை வளையல் போட்டுவிட்டார்கள். புளிச்சாதமும் தேங்காய்ச்சாதமும் இலை நிறைய வைத்தார்கள். போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே அத்தனையையும் சாப்பிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இருபுறமும் நடவு முடிந்த வயல்கள். பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் அவள் கைகள் கலகலத்தன. பக்கத்துப் பெண்ணின் மடியிலிருந்த குழந்தை அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கவும், அனெத் வேண்டுமென்றே இன்னொரு தரம் கையை ஆட்டினாள்.