நல்லரத்தினம் இறக்கிவிட்ட கோபம்

நல்லரத்தினத்தின் கோபம் அவருடைய உடம்பைவிட்டு இறங்கிய மூன்றாம் நாள், பழுகாமத்து வயல் வட்டைக்குத் தண்ணீர் பங்கிடும் விதானையாரின் வலது காலை இரண்டு இடத்தில் முறித்தது. அன்று நெல் என்ன விலை போனது என்பதில் ஊரில் இருவேறு கருத்து உண்டு. முறிந்த காலைப் பற்றி இல்லை. பட்டப்பகலில் பதினொரு பேர் பார்த்திருக்க, நல்லரத்தினத்தின் மூக்கும் மீசையுமாக, ஆனால் முப்பது வயதுக்கு மேற்படாத ஒரு உருவம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வரம்பால் வந்தது, மண்வெட்டிப் பிடியால் அடித்தது, "என்ட வக்கடைய அடைச்சனி என்ன?" என்று கேட்டது, போய்விட்டது. நல்லரத்தினத்தின் வயலுக்குத் தண்ணீர் பாயும் அந்த வாயை விதானையார் அடைத்து இருபது வருடமாகிறது. அவருக்கே மறந்திருந்தது. உண்மையான நல்லரத்தினம் அந்த நேரத்தில் புளியந்தீவில் ஒரு மண்டபத்தில் கண்மூடி அமர்ந்திருந்தார். நாற்பது பேர் சாட்சி. அவர்களும் கண்ணை மூடியிருந்ததால் பொலிஸுக்குச் சிரமமாயிற்று.

அவர் தியானத்துக்குப் போனது பிரஷர் இருநூறைத் தாண்டியதால்தான். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஆசான், பிரபஞ்சம் முழுவதும் நெஞ்சுக்குள் குடியிருக்க ஆயத்தம், கோபம்தான் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அதை விட்டுவிடுங்கள் என்றார். மற்றவர்கள் மூச்சோடு கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். நல்லரத்தினம் வெள்ளாமை செய்கிறவர், சாக்கை அவிழ்த்தால் அடிமணிவரை கொட்டுகிறவர். வாவிக்கரையில் நின்று ஒரேயடியாக விட்டார். சேற்றிலிருந்து எருமை எழும்பும் சத்தத்தோடு அது நெஞ்சைத் திறந்து வெளியே வந்து, திரும்பிப் பாராமல் நடந்தது. ஆசான் சொன்னதும் பொய்யில்லை. அன்று முதல் அவருடைய சட்டைப் பொத்தான் இடுக்குகளால் நட்சத்திர வெளிச்சம் கசிந்தது. பிரஷர் நூற்றிருபதுக்கு இறங்கியது. தீய்ந்த கறியையும் சிரித்துக்கொண்டு சாப்பிட்டார். ஞானம் என்பது பக்கத்தில் இருப்பவர்களுக்கு எவ்வளவு எரிச்சலான விஷயம் என்று அவருடைய மனைவி கண்ணகை அந்த வாரத்தில் அறிந்துகொண்டாள்.

விதானையாருக்கு அடுத்து காத்தான்குடி நெல் வியாபாரி நளீர். பதினான்கு வருடத்துக்கு முன்பு, ஈரம் என்று சொல்லி ஒரு லோட் நெல்லைத் திருப்பி அனுப்பியவர். மூன்று விலா எலும்பு. தமிழ், முஸ்லிம் இரண்டு சமூகத்துப் பெரியவர்களும் முகத்தை இறுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கூடிவிட்டார்கள். நளீர்தான் கட்டிலில் கிடந்தபடி கையைத் தூக்கினார். "ஒருத்தரும் சண்டைக்குப் போகாதீங்க. இது ஆளில்ல, நல்லரத்தினத்திட கோபம். அண்டைக்கு நெல்லத் திருப்பக்குள்ள நேர பாத்திருக்கன், அதே முகம்." பிறகு கண்ணகையின் தம்பி ஜெயந்தன். வரம்பை நான்கு விரற்கடை நகர்த்தி வெட்டியவன். அவனுடைய நான்கு விரல்கள் அந்த வரம்பிலேயே கிடந்தன. ஐந்தாவதைத் தொடவில்லை. அவ்வளவு நேர்மையான கோபம்.

செய்தி வந்தபோது நல்லரத்தினம் சிரித்தார். "எல்லாம் பிரபஞ்சத்தின்ட அசைவு" என்றார். கண்ணகை சோற்றுப் பானையைத் தூக்கி அவர் காலடியில் எறிந்தாள்.

"அசைவா? விதானை, நளீர் முதலாளி, என்ட தம்பி. இருவத்தஞ்சு வருசமா நீங்க வரிசையா ஏசின பேர்தானே இதெல்லாம். அடுத்தது ஆரெண்டு தெரியாதா உங்களுக்கு?"

தெரியும். விதுர்ஷா, அவர்களுடைய ஒரே மகள். போன வருடம் விரும்பியவனோடு வவுணதீவுக்குப் போய்விட்டாள். அன்று முற்றத்தில் நின்று, கண்ட இடத்தில் வெட்டுவேன் என்று கத்தியவர் இவர்தான். இப்போது அவளுக்கு ஏழு மாதம். நல்லரத்தினத்தின் முகத்தில் பழகிப்போன சிரிப்பு அப்படியே நின்றது, கை மட்டும் மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடியது.

அன்று வைகாசிச் சடங்கின் குளிர்த்தி. வருடத்தில் ஒருமுறை கண்ணகை அம்மன் கோயிலின் கதவைத் திறந்து, அம்மனுடைய கோபத்தைப் பாடியும் தண்ணீர் தெளித்தும் ஆற்றி, திரும்பவும் கதவடைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். விடியற்காலையில் வாங்கிவந்த குளிர்த்தித் தண்ணீர் ஒரு சோடாப் போத்தலில் இருந்தது. கண்ணகை அதை இடுப்பில் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினாள். "அம்மன்ட கோபத்த ஆராவது கரையில விட்டுட்டு வந்தாங்களா? குளிர வைச்சி உள்ளுக்குத்தானே பூட்டுறாங்க. நீங்க பெரிய ஞானி! ஓட்டுங்க கெதியா."

வவுணதீவில் மகள் வீட்டுக்கு அவர்கள் போனபோது கோபம் முன்கதவைப் பாதி பிளந்திருந்தது. உள்ளே விதுர்ஷா கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மருமகன் நெற்றி கிழிந்து முற்றத்தில் கிடந்தான்.

"வா, வீட்ட போவம்" என்று கோபத்தைக் கூப்பிட்டார் நல்லரத்தினம்.

"ஆர் நீ? என்னக் கரையில விட்டுட்டு ஓடினவன்தானே?"

முதல் அடியில் தோளெலும்பு போயிற்று. இரண்டாவதில் முன்பற்கள். திருப்பி அடிக்க அவரிடம் கோபம் இல்லை. இருந்ததெல்லாம் எதிரில்தான் நின்றது. ஆகவே கட்டிப்பிடித்தார். மூன்றாவது, நான்காவது அடிகளை அப்படியே வாங்கிக்கொண்டு, "என்ட புள்ளைய விடு. நான்தான் ஏசினனான், எனக்கு அடி" என்றார். கண்ணகை போத்தலை அதன் தலையில் கவிழ்த்தாள். அது நடுங்கியது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு, காய்ச்சல்காரனைப் போல அவருடைய சட்டையை விலக்கி உள்ளே போயிற்று. இடம் போதாமல் ஏழெட்டு நட்சத்திரங்கள் முற்றத்தில் சிந்தின. கோழிகள் கொத்திவிட்டன.

விதுர்ஷாவுக்குப் பெண் பிறந்தது. நல்லரத்தினத்தின் பிரஷர் நூற்றெண்பதில் நிற்கிறது. தியானத்துக்குப் போவதில்லை, மிச்ச நட்சத்திரங்கள் ஒரு ஓரமாகத்தான் எரிகின்றன. வைகாசி தோறும் கண்ணகை அவருடைய நெஞ்சைத் திறந்து, தண்ணீர் தெளித்து, மூடிவிடுகிறாள். ஜெயந்தன் தன்னுடைய ஆறு விரல்களால் செம்பைப் பிடித்துக் கொடுக்கிறான். மாதம் ஒருமுறை நளீர் பாலம் கடந்து வந்து தேத்தண்ணி குடிக்கிறார். "ஏசுங்க மச்சான், நல்லா ஏசுங்க. நீங்க பேசாம இருந்தாத்தான் எனக்கு விலா நோகுது" என்கிறார். மத்தியான வேளைகளில் உப்புக் கூடிய கறிக்காக நல்லரத்தினம் போடும் சத்தம் வட்டைவரை கேட்கும். விதானையார் காது கொடுத்துக் கேட்டு, "ஆள் உள்ளுக்குத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வக்கடையைத் திறந்துவிடப் போகிறார்.